ஒன்றும் மாறாமல் எல்லாரையும் சேர்ப்பது எப்படி?

தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. அடுத்த காலாண்டுக்குள் உங்கள் டீமில் 'பன்மை' தெரிய வேண்டுமாம். பதறாதீர்கள். ஓ.எம்.ஆர். ஓரத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் இதைவிடப் பெரிய உத்தரவுகளையெல்லாம் ஒரு பவர்பாயின்ட்டில் கரைத்துக் குடித்தவை. பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இத்தனை வருடம் கை போன போக்கில் செய்ததை இனி முறைப்படி, வரிசையாக, தன்னம்பிக்கையோடு செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

இலக்கை மட்டும் மனதில் வையுங்கள். டீமில் பலவகை மனிதர்கள் இருக்க வேண்டும். அவர்கள் இருப்பதால் ஒரு முடிவுகூட மாறிவிடக் கூடாது.

1. முதலில் போட்டோ எடுங்கள்

ஆள் எடுப்பது அப்புறம். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணைக் கூப்பிடுங்கள். அக்கவுண்ட்ஸில் முக்காடு போட்ட ஒருவர் இருப்பார், அவரை முன்வரிசையில் நிறுத்துங்கள். நரைத்த தலை ஒன்று, சுருட்டை முடி ஒன்று. எல்லாரும் ஒரே லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். திரை அணைந்திருந்தாலும் பாதகமில்லை. இந்தப் படத்தை இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் போடுங்கள். படத்தில் இருப்பவர்கள் வேலையை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருக்கட்டும்.

2. தகுதியை மட்டும் பாருங்கள். தகுதிக்கு எந்த ஊர் என்று கேளுங்கள்

நேர்காணலின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எங்ககிட்ட சாதி கீதியெல்லாம் கிடையாது, மெரிட் மட்டும்தான்." இரண்டாவது நிமிடத்தில் கேளுங்கள்: "ஃபேமிலி பேக்ரவுண்ட் சொல்லுங்க."

கூச்சப்பட வேண்டாம், உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் டெல்லியில் ஹெச்.ஆர். மேலாளர்களைச் சந்தித்துப் பேசி 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று அடித்துச் சொன்ன அதே மேலாளர்கள் குடும்பப் பின்னணியையும் தவறாமல் விசாரித்தது அதில் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரித் தகுதி, வெவ்வேறு பெயர்கள் என்று நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் போயின. தலித் பெயருக்கு அழைப்பு குறைந்தது, முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைந்தது. அங்கே பெயரைப் படித்தவுடன் வேலை முடிந்துவிடுகிறது, எவ்வளவு நேரம் மிச்சம் பாருங்கள்.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டிப் போட ஆரம்பித்தார்கள். அன்று தொடங்கியது, இன்று இங்கே பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை, முன்னால் ஓர் இனிஷியல்தான். 'கே. செந்தில்குமார்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் கண்டுபிடிப்பது? கவலை வேண்டாம். இந்த வரிசையில் கேளுங்கள்:

"சொந்த ஊர் எது?"
"மதுரையேவா, மதுரைப் பக்கமா?"
"பக்கம்னா எந்த ஊர்? ஊருக்குள்ளயா, வெளியவா?"
"அப்பா என்ன பண்றாங்க? தாத்தா?"
"குலதெய்வம் எங்க இருக்கு?"

பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். குலதெய்வம் வரை இழுத்தடிப்பவர் கெட்டிக்காரர், அதற்காகவே அவரை நிராகரிக்கலாம். முதுகில் தட்டிக்கொடுக்கிற சாக்கில் சட்டைக்குள் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. கடல் தாண்டி சிலிக்கான் பள்ளத்தாக்கு வரை போன முறை அது. ஆனால் அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

பதில்கள் எதையும் குறித்துவைக்காதீர்கள். மதிப்பீட்டுத் தாளில் 'கல்ச்சர் ஃபிட் இல்லை' என்று எழுதினால் போதும். எந்தக் கல்ச்சர், எதில் ஃபிட் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பவரும் அதே கல்ச்சரில் ஃபிட் ஆனவர்தானே.

ஒரே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்கு ஆன்சைட் போனால் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். 2020-இல் கலிஃபோர்னியா அரசுத் துறையொன்று சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. ஐ.ஐ.டி.யில் உடன் படித்தவரே மேலாளராக இருந்து, ஒரு தலித் பொறியாளர் எந்த ஒதுக்கீட்டில் படித்தார் என்பதை மற்றவர்களிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆக, எந்த ஊரில் இறங்குகிறோம் என்று பார்த்துக் குலதெய்வத்தை விசாரியுங்கள்.

3. ரெஃபரல் போனஸை உயர்த்துங்கள்

பன்மையான டீம் வேண்டும் என்று, இருக்கிற டீமிடமே சொல்லுங்கள். அவர்கள் தங்கள் கல்லூரி, தங்கள் ஹாஸ்டல், தங்கள் மச்சினன் என்று தேடிக் கொண்டுவருவார்கள். ஒருவர் கோயம்புத்தூர், இன்னொருவர் பொள்ளாச்சி. பன்மை.

4. பெண்களை எடுங்கள், ஆனால் முன்னேற்பாட்டோடு

மேல்மட்டத்தில் ஒரு பெண் குறைகிறாரா? வீட்டில் தேடுங்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. நாடு முழுக்கத் தேடிப் பார்த்த பல முதலாளிகளுக்கு, தகுதியான பெண் தங்கள் மனைவி, மகள், மருமகள் வடிவில் டைனிங் டேபிளிலேயே கிடைத்தார். பிறகு செபி வந்து, பெரிய நிறுவனங்களுக்குக் குடும்பத்தோடு ஒட்டுறவில்லாத பெண் இயக்குநர் வேண்டும் என்று கெடுத்துவைத்தது. சாதி விஷயத்தில் இப்படித் தொந்தரவு செய்ய யாரும் இல்லை. ஆயிரம் இந்திய நிறுவனங்களின் இயக்குநர்களை 2012-இல் ஓர் ஆய்வு எண்ணிப் பார்த்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேலானவர்கள் முன்னேறிய சாதியினர். ஒருவரும் பயப்படவில்லை, ஒருவர் பதவியும் போகவில்லை.

உங்கள் மட்டத்துக்கு வருவோம். நேர்காணலில் பெண்ணிடம் கேட்க வேண்டியதைப் பாசத்தோடு கேளுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" ஆகவில்லை என்றால், எப்போது. ஆகிவிட்டது என்றால், குழந்தை எப்போது. ஒன்று இருந்தால், இரண்டாவது எப்போது. எந்தப் பதில் வந்தாலும் அது தகுதிக் குறைவு என்பது இந்த முறையின் அழகு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்திய அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பாடம் என்ன? நீங்கள் யாரையும் ஒதுக்க வேண்டாம். விசாரியுங்கள், அக்கறையாக, அண்ணன் போல.

மகப்பேறு விடுப்பு 2017-இலிருந்து 26 வாரம். சட்டம், கொடுத்துத்தான் ஆக வேண்டும். விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு எடுக்கவும் முடியாது. அதனால் அவரை எடுக்காதீர்கள், அவருடைய வேலையை எடுங்கள். அவர் கட்டிக் காப்பாற்றிய ப்ராஜெக்ட்டைத் 'தற்காலிகமாக' வேறொருவருக்குக் கொடுங்கள். அவர் திரும்பி வரும் நாளில் கேக் வெட்டி, "நீ மெதுவா செட்டில் ஆகும்மா, அவசரமே இல்ல" என்று சொல்லுங்கள். பிறகு அப்ரைசலில், இந்த ஆண்டு பங்களிப்பு குறைவு என்று மூன்றாம் ரேட்டிங் போடுங்கள். கணக்கு சரியாக வரும். வருடத்தில் பாதி நாள் அவர் இல்லை, மீதிப் பாதியில் நீங்கள் அவருக்கு வேலை தரவில்லை.

50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். அது சிறுசேரியில் இருக்கட்டும், உங்கள் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது என்றால்.

மார்ச் 8 அன்று ரோஜாப்பூ. கூடவே கோலப்போட்டி. நடுவராக ஓர் ஆண் மேலாளரைப் போடுங்கள், பாரபட்சம் இருக்காது.

5. சாய்தளம் கட்டுங்கள், அதன் உச்சியில் பூந்தொட்டி வையுங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. முன்பு 7 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்த இடத்தில் இப்போது 21. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எழுதுவதில் நமக்கென்ன கஷ்டம்? எழுதுங்கள், அச்சடியுங்கள், கையெழுத்திடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் செய்வது முக்கியம். கண் தெரியாதவரின் கணினியில் ஓடும் திரைவாசிப்பானுக்கு அப்போதுதான் அது வெறும் படமாக, ஓர் எழுத்துகூட வாசிக்க முடியாததாக இருக்கும். விழிப்புணர்வுக் கூட்டத்துக்கான அழைப்பிதழையும் இதேபோல் அழகான போஸ்டராக, ஒரே படமாக அனுப்புங்கள்.

சக்கர நாற்காலிக்கான கழிப்பறை கட்டாயம் இருக்கட்டும். துடைப்பம், வாளி, போன வருட ஆயுதபூஜைத் தோரணம் எல்லாம் எங்கே வைப்பது பின்னே? சாவி செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருப்பார்.

தீயணைப்பு ஒத்திகை நடத்துங்கள். "லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம், எல்லாரும் படியில் இறங்கவும்" என்று மைக்கில் சொல்லுங்கள். ஏழாவது மாடியில் சக்கர நாற்காலியோடு ஒருவர் மட்டும் நிற்பார். ஒத்திகைதானே, அவர் சீட்டிலேயே இருக்கட்டும். நிஜமாகத் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டால், நல்ல கேள்வி என்று பாராட்டுங்கள்.

டிசம்பர் 3-ஆம் தேதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அவரையே மேடையேற்றித் தன்னம்பிக்கைப் பேச்சு பேசச் சொல்லுங்கள். அவர் டேட்டாபேஸ் நிபுணர், பேச்சாளர் அல்ல என்பது ஒரு பொருட்டா? கடைசி வரிசையில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நிகழ்ச்சி வெற்றி. மேடைக்கு ஏறும் வழியில் மூன்று படிகள் இருக்குமே, நாலு பேர் தூக்கிவிடுங்கள். அதையும் போட்டோ எடுங்கள்.

6. ஜூன் மாதம் லோகோவுக்கு வானவில் பூசுங்கள்

ஜூலை 1 காலை ஒன்பது மணிக்கு அழித்துவிடுங்கள். திருநங்கை ஒருவரை வேலைக்கு எடுத்தால் ஆணை கொடுத்ததோடு உங்கள் கடமை முடிந்தது. 2017-இல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு அமர்த்தி நாடெங்கும் பெயர் வாங்கியது. தங்க வாடகைக்கு இடம் கிடைக்காமல் அவர்களில் சிலர் சீக்கிரமே வேலையை விட்டார்கள். வீட்டு ஓனர்களை நீங்களா திருத்த முடியும்? வட மாநிலத்திலிருந்து வரும் புதிய இயக்குநருக்கு நீங்கள் ஃபிளாட் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, கேஸ் கனெக்‌ஷன் வரை வாங்கித் தருவது வேறு விஷயம். அதற்குப் பெயர் ரிலொகேஷன் பாலிசி.

7. மைக்ரோவேவைக் காப்பாற்றுங்கள்

சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்: 'கடுமையான மணம் உள்ள உணவைச் சூடாக்க வேண்டாம்.' பெருங்காயம் மணம் அல்ல. கருவாடு மணம். இதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

8. மீட்டிங்கை ஆறரை மணிக்கு வையுங்கள், முடிவை எட்டு மணிக்கு எடுங்கள்

இந்தப் படிதான் உயிர்நாடி. மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விட்டாலும் இதைச் சரியாகச் செய்தால் நீங்கள் தப்பித்துவிடலாம்.

டீமில் பலவகை ஆட்கள் வந்துவிட்டார்கள், சரி. அவர்கள் எல்லாரும் இருக்கும் அறையில் எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே 'கருத்துகளைச் சேகரியுங்கள்'. ஒயிட்போர்டில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உண்மையான முடிவுக்கு இடம் வேறு. கட்டடத்துக்கு வெளியே டீக்கடை, அதன் பக்கவாட்டில் தம் அடிக்கும் சந்து. கேப் ஏறிக் கிளம்ப வேண்டிய பெண்கள், இஃப்தாருக்கு வீடு போகிறவர், புகை ஆகாதவர், குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போகிறவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். மூன்றே பேர், மூன்று டீ, பட்ஜெட் முடிந்தது. மறுநாள் காலை, "நேத்து டிஸ்கஸ் பண்ண மாதிரி" என்று ஆரம்பியுங்கள். எப்போது டிஸ்கஸ் பண்ணினோம் என்று கேட்பவர் டீம் பிளேயர் இல்லை.

அறைக்குள் நடக்கும் கூட்டத்திலும் சில நுணுக்கங்கள் உண்டு. மினிட்ஸ் எழுதும் வேலையைப் பெண்ணுக்கே கொடுங்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்று காரணம் சொல்லுங்கள், லேப்டாப்பில்தான் அடிக்கிறார் என்றாலும். அவர் ஒரு யோசனை சொன்னால் மௌனம் காக்கவும். ஐந்து நிமிடம் கழித்து அதையே உரத்த குரலில் இன்னொருவர் சொல்வார். "சூப்பர் பாயின்ட்" என்று அப்போது சொல்லுங்கள். மினிட்ஸில் யார் பெயரில் எழுதுவது என்று முதலில் சொன்னவரே உங்களைப் பார்ப்பார். நீங்கள் போனைப் பாருங்கள்.

மொழி. கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கட்டும். காரசாரமான கட்டத்தில் டெல்லி இயக்குநர் இந்திக்குத் தாவி ஒரு ஜோக் அடிப்பார். சிரியுங்கள், புரியவில்லை என்றாலும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையன் சிரிக்க மாட்டான். அரசுப் பள்ளி, பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், வீட்டில் முதல் பட்டதாரி. அவன்தான் போன மாதம் நள்ளிரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்தபோது தனியாக எழுப்பியவன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கும் முன் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வான், அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். நீங்கள் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. வருடக் கடைசியில் அவன் அப்ரைசலில் எழுதுங்கள்: 'டெக்னிக்கலி ஸ்ட்ராங். கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்.' அடுத்த வருடமும் இதையே ஒட்டுங்கள். க்ளையன்ட் முன்னால் நிறுத்த முடியாது என்பதால் ஆன்சைட் இல்லை, ஆன்சைட் போகாததால் கம்யூனிகேஷன் வளரவில்லை. இந்தச் செக்கு ஒருமுறை சுற்ற ஆரம்பித்துவிட்டால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.

9. 'எங்க வீட்ல இப்படி இல்லையே' என்பவரைப் பேசவிடாதீர்கள்

பன்மையால் லாபம் உண்டு என்று தலைமையகம் சொல்வதன் உட்பொருள் இதுதான்: ஒருவருக்குத் தெரியாத ஓட்டை இன்னொருவர் கண்ணில் படும். ஆகவே ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கண்ணில் பட்டுவிட்டால் ரிலீஸ் தள்ளிப்போகும்.

ஆப்பிளைப் பின்பற்றுங்கள். 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஹெல்த் செயலி, உடம்பில் சேரும் சோடியம் வரை கணக்கு வைத்தது. மாதவிடாய்க்கு இடமில்லை. மனித குலத்தில் பாதிப் பேர் குறித்துவைக்கும் தேதி அது. அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். அறையில் யாராவது ஒரு பெண் கையைத் தூக்கியிருந்தால், சோடியம் உட்பட எல்லாமே ஒரு வாரம் தாமதமாகியிருக்கும் அல்லவா?

ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் செய்ததைப் போன்ற வேலைகளையும் ஊக்குவிக்காதீர்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. புவோலம்வினி கறுப்பினப் பெண். ஒரு மென்பொருள் தன் முகத்தையே கண்டுகொள்ளாததில் தொடங்கிய தேடல் அது. வேறு யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது, நிம்மதியாக விற்றுக்கொண்டிருந்திருக்கலாம்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? உங்கள் படிவத்தில் 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' இரண்டையும் கட்டாயமாக்குங்கள், சிவப்பு நட்சத்திரம் போட்டு. டீமில் இருக்கும் தஞ்சாவூர்ப் பெண் சொல்லுவார்: "சார், எங்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது. இனிஷியல்தான்." உலகம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லி அமர்த்துங்கள். (உலகம் முழுக்க இப்படி இல்லை. இந்தோனேசியாவை ஆண்ட சுகர்ணோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். அவர்கள் உங்கள் செயலியில் கணக்குத் தொடங்கப் போவதில்லை.) பிறகு வாடிக்கையாளர்களில் பலர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுவார்கள். ஒருவர் இனிஷியலை விரித்துப் போடுவார், இன்னொருவர் புள்ளியை மட்டும் வைப்பார். புள்ளியைச் செயலி ஏற்காது. சில மாதங்களில், கடன் தவணை கேட்டு 'அன்புள்ள திரு. முனுசாமி' என்று கடிதங்கள் போகும். முனுசாமி காலமாகிப் பல வருடமாகியிருக்கும், கடன் வாங்கியது மகள். வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், உங்களிடம் ஒரு பெயர். ஹெல்ப்டெஸ்க்குக்கு இருபது பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேரைப் பெண்களாக எடுங்கள், அறிக்கையில் பன்மை சதவீதம் எகிறும்.

10. பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள்

ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா கலேவும் அமெரிக்க நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள்: மேலாளர்களுக்குக் கட்டாயப் பன்மைப் பயிற்சி கொடுத்த இடங்களில் நிலைமை பெரிதாக முன்னேறவில்லை, சில பிரிவினர் விஷயத்தில் பின்னடைவு. விரும்பி வருபவர்களுக்கு நடத்தினால் பலன் இருக்கிறதாம். ஆகவே கட்டாயம். நாற்பது ஸ்லைடு, 'நெக்ஸ்ட்' பொத்தான், கடைசியில் பத்துக் கேள்வி. விடைகள் டீம் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே இருக்கின்றன.

11. புகார்க் குழுவைச் சுவரில் ஒட்டுங்கள்

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அந்தக் கொடுமையிலிருந்து பிறந்தது 1997-இன் விசாகா தீர்ப்பு, அதிலிருந்து பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-இன் சட்டம். 10 பேர் வேலை பார்க்கும் இடமென்றால் உள் புகார்க் குழு வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர்.

தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது. யார் மீது புகார் வர வாய்ப்பு அதிகமோ, அவருக்கு ரிப்போர்ட் செய்யும் ஒருவராகப் பார்த்துப் போடுங்கள். அறிவிப்புப் பலகையில் பழைய உறுப்பினர்களின் போன் எண்கள் அப்படியே இருக்கட்டும். புகார் வந்தால் முதலில் "நல்லா யோசிச்சுக்கம்மா, அவருக்கும் குடும்பம் இருக்கு" என்று தேநீர் கொடுங்கள். யோசிக்க மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். புகார் கொடுக்கச் சட்டம் தரும் கெடுவும் மூன்று மாதம்தான், நீட்டிக்கலாம் என்பதை நீங்களாக ஏன் சொல்ல வேண்டும்? குழுவே அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. போன வருட டீம் அவுட்டிங்குக்கு ரிசார்ட் பில் எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள்.

12. கணக்கில் வராதவர்களைக் கணக்கில் கொண்டுவராதீர்கள்

உங்கள் கட்டடத்தில் வயது, ஊர், சாதி, மொழி எல்லாம் தாராளமாகக் கலந்திருக்கும் ஒரே டீம் ஹவுஸ்கீப்பிங். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், உங்கள் ஸ்லைடில் வர மாட்டார்கள். ஃபுட் கோர்ட்டில் இருநூறு நாற்காலி காலியாக இருந்தாலும் அவர்கள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடட்டும். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்களால் வந்த வினை. படிக்கட்டும் ஒருவகை இருக்கைதான் என்று வாதாடலாம், சட்டப் பிரிவிடம் கேட்டுவையுங்கள்.

13. போகிறவரைச் சிரித்த முகத்தோடு அனுப்புங்கள்

இவ்வளவும் சரியாகச் செய்திருந்தால் ஒன்றரை வருடத்துக்குள் ராஜினாமாக்கள் வரத் தொடங்கும். வெளியேறும் நேர்காணலை ஹெச்.ஆர். நடத்தட்டும். படிவத்தில் காரணத்துக்கான பெட்டியில் மூன்றே தெரிவுகள் போதும்: 'உயர்கல்வி', 'கூடுதல் சம்பளம்', 'சொந்தக் காரணம்'. யாராவது 'சொந்தக் காரணம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் பேனாவால் நாலு வரி எழுதினால் ஸ்கேன் செய்யும்போது ஓரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவரை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு, லிங்க்ட்இன்னில் நம் டீமைப் பற்றி நல்லதாக ஒரு பதிவு போடச் சொல்லுங்கள். நிறுவனத்தை டேக் செய்ய வேண்டும், பன்மை என்ற சொல் வர வேண்டும். பதிவு வந்ததும் ஒரு லைக் போட்டுவிட்டு, ரிலீவிங் லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள்.